"பூ!" என்று பேய் கத்தினால் "முழம் என்ன விலை?" என்கிறார் அப்பாயி: ஹாலோவீன் கடி ஜோக் உதவி தேவை

1. சோளக்காட்டான்

வணக்கம். அவசரமாக ஒரு உதவி வேண்டும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெமாய்ன் நகரத்தில். சுற்றிலும் சோளக்காடு. இந்த ஊரில் ஹாலோவீனுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று பையை நீட்டினால் மிட்டாய் விழுந்துவிடும். இங்கே அவ்வளவு சுலபமில்லை. வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும், அதற்குக் கூலியாகத்தான் மிட்டாய். "பெக்கர்ஸ் நைட்" என்று பெயர், அதாவது பிச்சைக்காரர் இரவு. 1938ல் ஆரம்பித்ததாம். அந்தக் காலத்தில் ஹாலோவீன் ராத்திரி என்றால் பையன்களின் சேட்டை எல்லை மீறிப் போய், போலீசுக்குப் புகார் மேல் புகார். "சேட்டைக்குப் பதிலாக ஏதாவது வித்தை காட்டு, தின்பண்டம் வாங்கிக்கொள்" என்று ஊர் அவர்களைத் திருப்பிவிட்டது. நெடுங்காலமாக ஹாலோவீனுக்கு முந்தின நாளான அக்டோபர் 30 அன்று, மாலை 6 முதல் 8 வரை நடந்துவந்த சமாச்சாரம்.

பிள்ளைகள் சொல்வது எல்லாம் நாம் கடி ஜோக் என்று சொல்கிற ரகம். என் மகளுக்கு 7 வயது. பள்ளியிலிருந்து அவள் கொண்டுவந்தது இது: எலும்புக்கூடு ஏன் டான்ஸுக்குப் போகவில்லை? "ஹி ஹேட் நோ பாடி டு கோ வித்." சேர்த்துச் சொன்னால் நோபடி, கூடப் போக யாரும் இல்லை. பிரித்துச் சொன்னால் நோ பாடி, உடம்பு இல்லை.

மன்னார்குடியிலிருந்து என் அம்மா வந்திருக்கிறார். பேத்தி ஓடிப்போய் அப்பாயியிடம் இதைச் சொன்னாள். அம்மா சிரிக்கவில்லை. "பாடிட்டுப் போகட்டுமே, யாரு வேணாம்னா?" என்றார். அடுத்த நாள் பேத்தி வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து "பூ!" என்று கத்தினாள். "எங்கடி? மல்லியா, கனகாம்பரமா? முழம் என்ன விலை?" என்று அம்மா எழுந்தே விட்டார். பேத்தி அழுதுவிட்டாள்.

அந்த எலும்புக்கூடு ஜோக்கை அப்பாயி சிரிக்கிற மாதிரி தமிழில் சொல்ல யாருக்காவது வழி தெரியுமா? முப்பதாம் தேதிக்குள் வேண்டும்.

2. முருங்கைமரம்

கடி ஜோக்கை மொழிபெயர்ப்பது தோசையை மறுபடி மாவாக்குகிற வேலை. உங்கள் அம்மா சொன்ன "பாடிட்டுப் போகட்டுமே" அந்த ஜோக்கைவிட நன்றாக இருக்கிறது. அவரையே கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போங்கள்.

3. எட்டடிமானம்

செயின்ட் லூயிஸிலும் இதே கதைதான், ஜோக் சொல்லாமல் மிட்டாய் கிடைக்காது. போன வருஷம் என் வாசலுக்கு வந்த ஒரு பொடியன் கேட்டான்: "மணலில் குடியிருக்கும் சூனியக்காரியின் பெயர் என்ன?" சாண்ட்விச்! சாண்ட் என்றால் மணல், விச் என்றால் சூனியக்காரி. இதை நம் ஊரில் எந்தப் பாட்டியிடம் சொன்னாலும் பாதியாவது புரியும். சாண்ட்விச் நம் பேக்கரி வரைக்கும் வந்துவிட்டதே.

கணினிக்காரர்களின் தேசிய கீதம் ஒன்று உண்டு, அதையும் வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராமருக்கு ஹாலோவீனும் கிறிஸ்துமஸும் ஏன் குழம்பிப் போகின்றன? ஏனென்றால் ஆக்ட் 31 = டெக் 25. ஆக்ட் என்பது அக்டோபருக்கும் சுருக்கம், ஆக்டல் எண்முறைக்கும் சுருக்கம். டெக் என்பது டிசம்பருக்கும் டெசிமலுக்கும். எட்டை அடிமானமாக வைத்து 31 என்று எழுதினால் 3 × 8 + 1, நம் வழக்கமான கணக்கில் 25.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. இது தற்செயலான ஒலி ஒற்றுமை கிடையாது. ரோமானியரின் பழைய நாட்காட்டியில் அக்டோபர் எட்டாவது மாதம், டிசம்பர் பத்தாவது மாதம். அதனால்தான் அந்தப் பெயர்களே. ஆக்டல் எட்டு, டெசிமல் பத்து. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பிரிந்த பங்காளிகள் ஒரு கடி ஜோக்கில் வந்து கைகுலுக்குகிறார்கள்.

4. முருங்கைமரம்

7 வயதுப் பிள்ளைக்கு ஆக்டல் எண்முறை. சபாஷ். மிட்டாய்க்குப் பதிலாக வேலை கொடுத்துவிடுவார்கள்.

5. சிக்கனம் சிங்காரவேலு

ஹலோ... வீண்! எல்லாம் வீண்! பெயரிலேயே இருக்கிறதே. ஒரு ராத்திரிக்காக வாங்குகிற வேஷத் துணி மறுநாள் குப்பைத் தொட்டிக்கு.

6. சோளக்காட்டான்

சிக்கனம் அண்ணே, திட்ட வந்து ஜோக் சொல்லிவிட்டீர்கள். ஹலோ வீண், குறித்துக்கொண்டேன்.

7. கல்லறைக்குப் பக்கத்து வீடு

பெயர் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஹாலோ என்பது பழைய ஆங்கிலத்தில் புனிதர். ஈன் என்பது ஈவன், அதாவது மாலை. புனிதர்கள் திருநாளுக்கு முந்தின மாலை, அவ்வளவுதான். நவம்பர் 1 சகல புனிதர்கள் பெருவிழா, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இந்த இரண்டையும் தூத்துக்குடியில் நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிறோம். முந்தின மாலையில் வேஷம் போடுகிற பழக்கம் மட்டும் கப்பல் ஏறி எங்கள் பக்கம் வரவில்லை.

சோளக்காட்டானின் அம்மாவைப் பற்றி வாசித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது இதுதான். நவம்பர் 2 அன்று குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். முந்தின வாரமே வெள்ளையடித்து வைத்த கல்லறைகளுக்கு மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, ஜெபம் சொல்லிவிட்டு வருவோம். வாசலில் வரிசையாகக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காமார் விடாமல் கத்துவது என்ன தெரியுமா? "பூ! பூ! பூ!"

இருட்டுகிற நேரம், கல்லறை வாசல், "பூ" என்று ஒரு குரல். வெள்ளைக்காரன் என்றால் செருப்பை விட்டுவிட்டு ஓடியிருப்பான். நாங்கள் பேரம் பேசுவோம்.

8. எட்டடிமானம்

பக்கத்து வீடு, இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் முதல் பரிசு.

9. ரொறன்ரோ ராசாத்தி

எங்கட பக்கம் ஜோக்கைப் பகிடி என்றுதான் சொல்லுவோம். ஹாலோவீன் பகிடிக்கு யாழ்ப்பாணத் தமிழைப்போல வாய்ப்பான தமிழ் வேறு இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று கேளுங்கோ.

எங்களுக்கு முட்டாள் என்றால் பேயன். அர்த்தமில்லாத பேச்சு என்றால் பேய்க்கதை. "சும்மா பேய்க்கதை கதையாதை" என்று அம்மா ஏசினால் அதில் பேயும் இல்லை, கதையும் இல்லை. ஒருத்தரை ஏமாற்றுவதற்குப் பேய்க்காட்டுறது என்று பெயர். "கடைக்காரன் என்னைப் பேய்க்காட்டிப் போட்டான்" என்றால் கடைக்காரன் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வரவில்லை, நிறுவையில் கை வைத்துவிட்டான்.

இப்ப ட்ரிக் ஆர் ட்ரீட்டைத் தமிழில் சொல்லிப் பாருங்கோ: "பலகாரம் தாறியளோ, பேய்க்காட்டட்டோ?"

ட்ரிக் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா? பேயும் வந்துவிட்டது, ஏமாற்றும் வந்துவிட்டது. நான் இங்கே என் மருமக்கள் இரண்டு பேருக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தமிழ் வீடுகளில் சொன்னால் இரண்டு மடங்கு சொக்கலேற்.

10. சோளக்காட்டான்

அக்கா, காலில் விழுகிறேன். "பேய்க்காட்டட்டோ" இன்று ராத்திரியே பயிற்சி.

11. மாவரைப்பவள்

எல்லோரும் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு இழுக்கப் பார்க்கிறீர்கள். தமிழ்ப் பேய்க்கே எத்தனை ஜோக் இருக்கிறது!

பேய்க்குப் பிடித்த பலகாரம் எது? இட்லி. ஆவியில் வேகிறதே.

பேய் காபி கேட்டால் எப்படிக் கொடுப்பது? ஆவி பறக்க.

ஜலதோஷம் என்று டாக்டரிடம் போனேன், ஆவி பிடிக்கச் சொன்னார். அதான் மந்திரவாதி வீட்டுக்கு வழி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பேய் வாரா வாரம் படிக்கிற பத்திரிகை? ஆனந்த விகடன். சுருக்கமாகச் சொன்னால் ஆ.வி.

12. முருங்கைமரம்

அம்மணி, மாவு நன்றாகப் புளித்திருக்கிறது. என் பங்குக்கு:

பேய் ஏன் கால் கிலோ தக்காளி கேட்பதில்லை? அதற்குத்தான் கால் கிடையாதே, அரை கிலோவிலிருந்துதான் ஆரம்பம்.

பேய்க்கு ஏன் போனே வருவதில்லை? அதே காரணம். மிஸ்டு கால் கூடக் கிடையாது.

டிரைவிங் லைசென்ஸ் உள்ள பேய்க்கு என்ன பெயர்? பேயோட்டி.

ரத்தக் காட்டேரி எங்கே குளிக்கும்? காட்டு ஏரியில். (குன்னூர் பக்கம் காட்டேரி என்றே ஓர் இடம் இருக்கிறது, அருவியும் பூங்காவுமாக அழகான இடம். பெயரைக் கேட்டுப் பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள்.)

13. மாவரைப்பவள்

மழை ஏன் இப்படிப் பேயுது? பேய் மழை, அப்படித்தான் பேயும்.

14. மட்டுறுத்துநர்

இந்த இழை "பொது உதவி"யிலிருந்து "கடி" பிரிவுக்கு மாற்றப்படுகிறது. புகார் கொடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் சிக்கனமானவர் என்று மட்டும் சொல்கிறேன்.

15. திண்ணை வாத்தியார்

காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். பேய் ஜோக்குக்குத் தமிழில் தங்கச் சுரங்கம் ஒன்று இருக்கிறது, அதை யாருமே தோண்டவில்லை. "பிடி" என்ற சொல்தான் அது.

உனக்குப் பேய் பிடிக்குமா? உன்னைப் பேய் பிடிக்குமா?

முதல் கேள்வியில் பேய் என்றால் உனக்கு ஆசையா என்று விசாரிக்கிறோம். இரண்டாவது கேள்விக்கு வேப்பிலை தேவைப்படும். நான்காம் வேற்றுமை உருபு "கு" போய் இரண்டாம் வேற்றுமை உருபு "ஐ" வந்ததும் ரசிகன் நோயாளி ஆகிவிடுகிறான். வகுப்பில் வேற்றுமை நடத்தும்போது முப்பது வருஷம் இந்த உதாரணத்தைத்தான் சொன்னேன். ராமன், ராமனை, ராமனால் என்று ஒப்பித்தால் தூங்குகிற பையன்கள், பேய் வந்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். "பேய் பிடித்த பையன்" என்றால் எந்தப் பொருள் என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். உருபு மறைந்துவிட்டதால் இரண்டு பக்கமும் சரி. பரீட்சையில் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டேன்.

16. கூரை ரசிகர்

வாத்தியார் ஐயா ரசிகன் என்றதும் நானும் வரவேண்டியதாயிற்று. டெக்சாஸில் எங்கள் அலுவலகத்தில் ஹாலோவீனுக்கு வேஷத்திலேயே சிலேடை போடுவார்கள். பேய் வேஷம் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சட்டையில் காலை உணவு சீரியல் டப்பா, அதில் குத்திய பிளாஸ்டிக் கத்தி: சீரியல் கில்லர். தொடர் கொலைகாரனுக்கும் இங்கிலீஷில் அதே ஒலிதான். இது வருஷா வருஷம் ஒருவராவது போடுகிற வேஷம்.

நான் போனது சீலிங் ஃபேன். சட்டையில் "சீலிங் வாழ்க" என்று எழுதிக்கொண்டு, கையில் கொடி பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்து விசில் அடிக்க வேண்டும். ஃபேன் என்றால் ரசிகன். நான் கொஞ்சம் நம் ஊர் மணம் சேர்த்து, "அகில உலகக் கூரை ரசிகர் மன்றம், டெக்சாஸ் கிளை" என்று தமிழில் ஒரு பேனரும் அடித்தேன். கூடவே வேலை பார்க்கும் மூன்று தமிழர்கள் மேலே பார்த்து சூடம் காட்டினார்கள். மற்றவர்களுக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. விளக்க அரை மணி நேரம் ஆனது, பரிசு போய்விட்டது.

17. ரொறன்ரோ ராசாத்தி

சீரியல் கில்லர் வேஷத்தை என் மாமி பார்த்துவிட்டுச் சொன்னது: "ஓம், அந்த நாடகத்தை முடிச்சு விட்டவன் தானே, கொல்லத்தான் வேணும்." டிவி சீரியல் என்று நினைத்துவிட்டா. மூன்றாவது அர்த்தம், வெள்ளைக்காரனுக்குக் கிடைக்காதது.

18. வேதியியல் வேதாளம்

வேஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பூசணிக்காயை யாரும் கவனிக்கவில்லையே. ஹாலோவீன் வாசலில் கண், மூக்கு, வாய் குடைந்து உள்ளே விளக்கு ஏற்றி வைக்கிறார்களே, ஜாக் ஓ லேன்டர்ன், அதற்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருந்தேன். "பூசணி விளக்கு" என்று ஒரு பத்திரிகையில் பார்த்தேன். உப்புச் சப்பில்லை.

அந்தப் பெயர் முதலில் காய்க்கே கிடையாது. சதுப்பு நிலத்தில் ராத்திரி மினுக்கென்று தோன்றி மறையும் வெளிச்சத்துக்குத்தான் இங்கிலாந்தில் ஜாக் ஓ லேன்டர்ன் என்று பெயர். விளக்கேந்திய ஜாக். அயர்லாந்தில் கஞ்ச மகாபிரபு ஜாக் ஒருவன் சொர்க்கத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் கையில் கனலோடு அலைகிற கதை இருக்கிறது. அங்கே டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். அமெரிக்காவுக்கு வந்தவர்கள் இங்கே பெரிய பெரிய பூசணி சும்மா கிடப்பதைப் பார்த்து, குடைவதும் சுலபம் என்று மாறிக்கொண்டார்கள்.

சதுப்பு நிலத்து வெளிச்சத்துக்கு நம் ஊரில் என்ன பெயர்? கொள்ளிவாய்ப் பிசாசு! மக்கிப்போன செடிகொடியிலிருந்து வரும் மீத்தேன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? இப்போது அந்தப் பூசணியை மறுபடி பாருங்கள். வாய்க்குள்ளே நெருப்பு. கொள்ளி, வாய், பிசாசு. சொல்லுக்குச் சொல் பொருத்தம். யாரும் மொழிபெயர்க்கவே வேண்டாம், ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

19. மாவரைப்பவள்

வேதாளம் இந்தத் தடவை நல்ல மரமாகப் பார்த்து ஏறியிருக்கிறது.

ஒரு சேர்க்கை. அந்தக் காய்க்கு எங்கள் வீட்டில் பரங்கிக்காய் என்று பெயர். பரங்கி என்றால் ஐரோப்பியன், பரங்கிமலை, பரங்கிப்பேட்டையில் வருகிற அதே பரங்கி. அமெரிக்கக் கண்டத்துக் காய், பரங்கியர் வழியாக வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, பரங்கியர் பரங்கிக்காயில் பரங்கி முகம் செதுக்குகிறார்கள். நாம் கட்டுகிற வீட்டு வாசலில் வெண்பூசணியில் ராட்சச முகம் வரைந்து திருஷ்டிக்குத் தொங்கவிடுகிறோம். இரண்டு ஊரிலும் பேயை விரட்ட காய்கறிக்காரரிடம்தான் போகிறார்கள்.

20. சிக்கனம் சிங்காரவேலு

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல, #1 கேட்ட கேள்வியை எல்லோரும் மறைத்துவிட்டீர்கள். எலும்புக்கூடு ஜோக் எங்கே? இன்று தேதி 27.

21. சோளக்காட்டான்

சிக்கனம் அண்ணனுக்குத்தான் என் கஷ்டம் புரிகிறது.

22. முருங்கைமரம்

சரி, என் முயற்சி. "எலும்புக்கூடு ஏன் டான்ஸுக்கு வரவில்லை? உடம்பு சரியில்லையா?" "உடம்பே இல்லை."

23. எட்டடிமானம்

நன்றாக இருக்கிறதே! முடித்துக்கொள்ளலாம்.

24. திண்ணை வாத்தியார்

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சிலேடை எங்கே? இங்கிலீஷில் ஒரே ஒலிக்கு இரண்டு பொருள். முருங்கைமரம் சொன்னதில் ஒரே பொருள், அதை நீட்டிச் சொல்லியிருக்கிறார். சிரிப்பு வரும், "அட!" வராது. எனக்கு "அட" வேண்டும்.

எலும்புக்"கூடு" என்பதிலேயே திறப்பு இருக்கிறது. இப்படிச் சொல்லலாம்: எலும்புக்கூடு ஏன் டான்ஸுக்குப் போகவில்லை? பேரில்தான் கூடு, கூட வர யாரும் இல்லை.

25. முருங்கைமரம்

கூடு, கூட. வாத்தியாரே, ஒத்துக்கொள்கிறேன், அட. ஆனால் உங்களுடையதில் உடம்பு காணாமல் போய்விட்டது. மூலத்தில் உடம்பும் இருந்தது, தனிமையும் இருந்தது. நீங்கள் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விட்டீர்கள், நானும் ஒன்றை விட்டேன்.

26. திண்ணை வாத்தியார்

நியாயம். உடம்பையே விட்டுவிட்டதுதானே எலும்புக்கூடு.

27. கும்பகோணம் டிகிரி

இழை முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு ஜோக்கோடு வந்திருக்கிறேன். பேய் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பேய் என்ன சொல்லும்?

"செத்த இருங்க."

28. ரொறன்ரோ ராசாத்தி

விளங்கவில்லை. செத்து இருக்கச் சொல்லுதோ?

29. கும்பகோணம் டிகிரி

அக்கா, எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் "கொஞ்ச நேரம்" என்பதற்குச் செத்த நேரம் என்போம். செத்த உட்காருங்க, செத்த பொறுங்க.

30. எட்டடிமானம்

சிரித்தேன், ஆனால் வாத்தியார் ஒத்துக்கொள்வாரா? பேச்சுவழக்கை வைத்துக்கொண்டு சிலேடை செய்வது கள்ளாட்டம் இல்லையா?

31. திண்ணை வாத்தியார்

கள்ளாட்டமே இல்லை. காற்று காத்து ஆகிறது, நேற்று நேத்து ஆகிறது. அப்படித்தான் சற்றே என்பது நாக்கில் உருண்டு உருண்டு செத்த என்று வந்து நிற்கிறது. யாரும் சாகவில்லை.

பேச்சுவழக்கில் சிலேடை செய்யலாமா என்றால், காளமேகப் புலவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை பாடினாரே, அதன் தொடக்கமே "நஞ்சிருக்கும் தோலுரிக்கும்". பாம்பில் நஞ்சு இருக்கும், சரி. வாழைப்பழத்தில் ஏது நஞ்சு? பழம் நைந்திருக்கும். நைந்து என்பது பேச்சில் நஞ்சு ஆகிவிடுகிறதே, அதைப் பிடித்துக்கொண்டார் மனிதர். தோலுரிக்கும் இரண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. அவர் நைந்ததை நஞ்சாக்கலாம் என்றால் கும்பகோணத்தார் சற்றேயைச் செத்ததாக்கலாம். இந்தத் திண்ணையின் தீர்ப்பு இதுதான், மேல்முறையீடு கிடையாது.

32. சோளக்காட்டான்

கும்பகோணத்தாரே, மன்னார்குடியும் அதே பேச்சுதான். அம்மா ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார், நான் இத்தனை வருஷம் கவனித்ததே இல்லை. மகளுக்கு இன்றே சொல்லிக் கொடுக்கிறேன். கூடு/கூட ஜோக்கையும் சேர்த்து.

33. சோளக்காட்டான்

பெக்கர்ஸ் நைட் முடிந்தது. இப்போது ராத்திரி 10 மணி, மிட்டாயை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாலையில் கிளம்புவதற்கு முன்னால் கூடு/கூட ஜோக்கை அப்பாயியிடம் சொன்னாள். அம்மா யோசித்தார். "அது ஏன் தனியாப் போகணும்? பக்கத்துக் குழியில ஆள் இல்லையா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. வாத்தியார் மன்னிக்கவும். முருங்கைமரத்தின் "உடம்பே இல்லை"க்கு லேசாகப் புன்னகைத்தார். அதுவும் பேத்தியின் முகத்துக்காகத்தான் என்று சந்தேகம்.

ஊர் வீடுகளில் சாண்ட்விச் ஜோக் நன்றாக ஓடியது. தெருக்கோடியில் ஒரு தமிழ் வீட்டில் "பலகாரம் தாறியளோ, பேய்க்காட்டட்டோ" என்றாள். அந்த வீட்டு அண்ணன் தட்டையே அவள் பையில் கவிழ்த்துவிட்டார். ராசாத்தி அக்கா கணக்கு சரி.

ஏழேகால் மணிக்கு நாங்கள் வீடு திரும்பினோம். அம்மாதான் வாசலில் மிட்டாய்க் கூடையோடு உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜோக் சொல்லச் சொல்லிக் கேட்பார், ஒன்றும் புரியாது, புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டுக் கொடுப்பார். நாங்கள் படியேறும்போது வெள்ளைப் போர்வை போர்த்திய மூன்று பொடிப் பேய்கள் அவர் முன்னால் நிற்கின்றன. கூடை காலி. அம்மா எழுந்து, உள்ளே போய்ப் புதுப் பொட்டலம் எடுத்துவரக் கிளம்பினார். கதவருகில் திரும்பி அந்த மூன்று பேய்களையும் பார்த்து, கையை அமர்த்திக் காட்டி, "செத்த இருங்க" என்றார்.

என் மகள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பேய்களும் ஏனென்று தெரியாமலே சிரித்தன. "என்னடி சொல்லிட்டேன்?" என்று அம்மா கேட்டார். பேத்தி எழுந்துபோய் காதில் சொன்னாள். அம்மாவுக்கு ஒரு நொடி ஆயிற்று. அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு அவரும் ஆரம்பித்தார்.

34. கும்பகோணம் டிகிரி

அந்த மூன்று பேய்களுக்கும் மிட்டாய் கிடைத்ததா இல்லையா?

35. சோளக்காட்டான்

செத்த நேரம் ஆனது. ஆளுக்கு ரெண்டு கிடைத்தது.